கேளிக்கைப் பூங்காவும் கதை சொல்லும் கலையும்

நத்தம் வட்டாரத்து மாணவர்களிடம், "இவ்வாண்டுச் சுற்றுலா எங்கே?" என்று வினவினால், பெரும்பாலோர் கூறும் மறுமொழி ஏதேனும் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயராகவே இருக்கிறது. இளையோர் நீரில் ஆடுவதையும் இராட்டினம் ஏறுவதையும் குற்றமாகக் கருதுவோர் அல்லர் நாம். எனினும், மாணவர் சிலருடன் அத்தகைய பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. வாயிலில் சிமெண்ட் யானை. அருகே எகிப்தியக் கூம்பு. அதையடுத்து அரக்கன் ஒருவனின் திறந்த வாய். "ஐயா, இந்த யானை ஏன் இங்கே நிற்கிறது?" என்று ஒரு மாணவர் கேட்டார். நம்மிடம் விடையில்லை. கட்டியவரிடமும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

1955ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் அமெரிக்காவின் அனகைம் நகரில் வால்ட் டிஸ்னி திறந்த பூங்காவில் இத்தகைய கேள்விக்கு இடமில்லை. அதனை வரைந்தவருள் பலர் திரைப்படக் கலை இயக்குநர்கள். வெளியுலகம் கண்ணிற் படாதவாறு சுற்றிலும் மண்கரை எழுப்பினர். நுழைவுத் தெருவின் கட்டடங்களில் மேல்தளங்களைக் கீழ்த்தளத்தினும் சிறிய அளவிற் கட்டி, உயர்ந்த மாளிகை போலத் தோன்றச் செய்தனர். தெருவின் முடிவில் ஒரு கோட்டை நின்று வருவோரை உள்ளே அழைக்கும். அறிவிப்புப் பலகை சொல்லாமலே, நடப்பவர் கதைக்குள் நுழைந்துவிடுகிறார். வணிக நோக்கு அதில் உண்டு. ஆனால் நுணுக்கமும் உண்டு.

இக்கலை நமக்குப் புதிதன்று. பூம்புகாரில் 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை நினைவுகூர்வோம். எழுநிலை மாடமாக எழுப்பப்பட்ட அக்கூடத்தில், கண்ணகியின் வரலாறு சுவரிற் கற்சிற்பங்களாக வரிசையாகத் தொடர்கிறது. பார்ப்பவர் நடக்க நடக்கக் காப்பியமும் நகர்கிறது. இளங்கோவடிகள் பாடிய மன்றங்களோ இன்னும் வியப்புக்குரியவை. நோயுற்றோரும் உடற்குறை உடையோரும் மூழ்கி நலம் பெறும் பொய்கை இலஞ்சி மன்றம். அரசன் முறை பிறழ்ந்தால் வாய் பேசாமல் கண்ணீர் உகுக்கும் சிலை நிற்பது பாவை மன்றம். ஒரு சிலையின் கண்ணீரில் ஒரு நாட்டின் அறத்தையே வைத்த கற்பனைக்கு எந்தப் பூங்கா ஈடாகும்? கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையிலும் அளவே பொருள் சொல்கிறது. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் அதிகாரங்கள். எஞ்சிய 95 அடி பொருளும் இன்பமும். அறத்தின் மீது ஏனைய இரண்டும் நிற்கின்றன என்பதை அங்கே எவரும் உரைக்க வேண்டியதில்லை.

இனி நம் வாயிலுக்கு வருவோம். நத்தத்திலிருந்து பேருந்தேறினால் எட்டிவிடும் தொலைவில் திண்டுக்கல் மலைக்கோட்டை இருக்கிறது. 1605இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பியது. 1755இல் ஐதர் அலி பௌஜ்தாராக அமர்ந்தது இந்தத் திண்டுக்கல்லில்தான். 1772இல் காளையார்கோயிலில் கணவரை இழந்த வேலுநாச்சியார், இவ்வட்டாரத்து விருப்பாட்சியில் தங்கி அவருடைய துணையைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். சமயம் கடந்து நின்ற இத்துணையை நம் பிள்ளைகள் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். பாறையில் ஏறும்போது எண்ணிப் பார்ப்பதில்லை. நிழற்படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

கோட்டையிற் சிமெண்டுப் பொம்மைகளை நிறுத்துக என்று நாம் சொல்லவில்லை. தொல்லியல் சட்டம் அதற்கு இடந்தராது, தராதிருப்பதே நன்று. (வண்ண விளக்குகளும் வேண்டா.) அங்கே உண்மைப் பொருள்களே போதிய அளவு உள்ளன. வெட்டப்பட்ட படிகள், பீரங்கி, கிடங்கு, உச்சியில் மூலவரில்லாத கோயில். அவற்றைக் காணும் வரிசைதான் வேண்டும். காவலன் எங்கே நின்றிருப்பான், பகைவர் வரும் புழுதி எத்திசையில் தெரிந்திருக்கும் என்று படிக்கொரு கேள்வியாக எழுப்பி அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

அதனைத் தமிழ்த்துறை மாணவர்களே செய்யலாம். நூலகத்தில் வரலாற்று நூல்களைப் புரட்டி, ஊர்ப் பெரியவர்கள் நினைவிலிருப்பவற்றைக் கேட்டெழுதி, நூலிற் கண்டது எது, செவிவழி வந்தது எது என்று பிரித்து, ஒரு மணி நேர நடைக்குரிய உரையொன்றை ஆக்கலாம். அடுத்த விடுமுறைக்கு முன் அது முடியுமாயின், முதற் குழுவில் நத்தத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்தம் பாட்டன்மாரையும் சேர்த்தே அழைத்துச் செல்வோம்.