ஓய்வு நேரத்தில் ஒரு நகரம்

பொம்மையார்பாளையத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு வினாவோடு வந்தார். புதுச்சேரியில் விடுதியொன்றில் அவருக்குப் பணி. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இல்லம் திரும்ப இரவு எட்டாகிறது. அதன்பின் கைப்பேசியில் நகரம் கட்டும் விளையாட்டில் சிறிது நேரம் ஆழ்ந்துவிடுகிறார். "பிள்ளைகளோடு பேச நேரமில்லை, பொம்மை ஊர் கட்ட மட்டும் நேரமுண்டோ?" என்பது மனைவியாரின் குறை. இருவரும் நம் கருத்தை நாடினர்.

முதற்கண் இவ்விளையாட்டின் வரலாற்றை அறிதல் நலம். அமெரிக்கரான வில் ரைட் என்பார், 1984-இல் வெளிவந்த குண்டு வீசும் கணினி விளையாட்டொன்றை ஆக்கியபோது, தீவுகளை அழிப்பதைவிட அவற்றை அமைப்பதே தமக்கு இன்பம் தருவதைக் கண்டார். அவ்வின்பமே 1989-இல் 'சிம்சிட்டி'யாக உருப்பெற்றது. சாலை அமைத்தலும், மின்சாரம் வழங்கலும், வரி விதித்தலும் அதில் ஆடுவோர் கடமை. வெற்றி தோல்வியற்ற ஆட்டம் விலைபோகுமோ என வெளியிடுவோர் தயங்கினர். எனினும் அது உலகெங்கும் பரவிற்று. 2021-இல் முழுமை பெற்ற 'டவுன்ஸ்கேப்பர்' இன்னும் எளியது. தொட்ட இடத்தில் வண்ண வீடு எழும். வேறு இலக்கு ஏதுமில்லை.

உழைத்துக் களைத்த உள்ளம் இவ்வாறு இளைப்பாறுவதை நாம் குறை கூறோம். ஆயினும் இவ்வகை ஆட்டங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 2014-இல் வந்த 'சிம்சிட்டி பில்ட்இட்' போன்றவற்றில், பொருள்கள் உருவாகச் சில நிமிடங்களோ மணிகளோ காத்திருத்தல் வேண்டும். காத்திருக்க மனமில்லாதார் காசு கொடுத்து விரைவுபடுத்தலாம். அதனால் உணவு வேளையிலும் கை கைப்பேசியையே நாடும். நினைத்தபோது நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்தில் தொடரக் கூடியதே பணி மிகுந்தோர்க்கு ஏற்றது.

மெய்யான நகரோ நெடும் பொறுமையைக் கேட்கும். இவ்வூருக்கு அண்மையில், 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கிற்று. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் 50,000 மக்களுக்கென வகுத்த அந்நகரில், அரை நூற்றாண்டு கடந்தும் வாழ்வோர் சில ஆயிரவரே. வறண்ட செம்மண் மேட்டில் மரங்களை வளர்க்கவே முதலில் வந்தோர் பல்லாண்டு பாடுபட்டனர். மாந்தர் கூடி வாழும் இடம் விரல் தொட்டவுடன் எழுவதில்லை. இல்லறமும் அத்தகையதே அன்றோ?

ஆதலின் கணவருக்கு நாம் கூறியது இது: வீடு திரும்பியதும் கைப்பேசி அலமாரியில் இருக்கட்டும். பிள்ளைகளோடு உண்டு, அவர்தம் பள்ளிக் கதைகளைக் கேட்டு, அவர்கள் உறங்கியபின் அரைமணி நேரம் ஆடுக. ஞாயிறன்று மகனையும் அருகில் அமர்த்தி, சாலையை எங்கே போடலாம் என அவனையே கேட்கலாம்.

அந்த அரைமணியை அவருக்கு மனமுவந்து விட்டுவிடுமாறு மனைவியாரையும் வேண்டினோம். ஆனால், "உமக்கென அத்தகைய அரைமணி உண்டா, அம்மா?" என வினவியபோது அவர் மறுமொழி கூறாது புன்னகைத்தார். விடியுமுன் எழும் அவருக்கு அஃது ஒருநாளும் வாய்த்ததில்லை. கணவர் தலைகுனிந்தார். இரவில் பாத்திரம் துலக்கும் பணியைத் தாம் ஏற்பதாகச் சொல்லிச் சென்றார்.

நம் வாசகர் இல்லங்களிலும், யாருக்கு எவ்வளவு ஓய்வு வாய்க்கிறது என்னும் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக.