யாரோ கொடுத்த வெள்ளியில் ஒரு மேடை

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் ஒரு சனிக்கிழமை காலை தே குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதி ஆண்டு படிப்பவள். சிறு வயதிலிருந்தே பாட்டும் பரதமும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நாடகக் குழுவில் இருந்தவள். அடுத்து, பாட்டு, நடனம், நடிப்பு மூன்றையும் ஒன்றாகக் கற்றுத்தரும் இசை நாடகப் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை.

“அங்கிள், ஒன்னு கேட்கலாமா? ‘ஆட்டம் பாட்டத்துக்கெல்லாம் ஒரு படிப்பா, அதுக்கு யார் காசு கொடுப்பா’ன்னு அப்பா கேட்கிறாரு. உபகாரச் சம்பளம் இருக்குன்னு சொன்னேன். ‘அப்போ அடுத்தவங்க தர்மத்துலதான் படிக்கப்போறியா’ன்னு கேட்டுட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

எனக்கும் அப்போது சட்டென்று பதில் வரவில்லை. அந்தத் தந்தையைக் குறைசொல்லவும் முடியாது. இரவு வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைப்பவர். அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். இத்தகைய படிப்புக்கு யார் பணம் தருகிறார்கள்? அந்தப் பணத்தில் படிப்பது தாழ்வா? இரண்டுக்கும் நிதானமாகப் பதில் தேடிப் பார்த்தேன். கலை படிக்க விரும்பும் இளையர் பலருக்கும் இது பயன்படலாம்.

கட்டணம் ஏன் போதாது?

கணக்கியல் விரிவுரையை ஒரே ஆசிரியர் 300 பேருக்கு நடத்தலாம். ஆனால் குரல் பயிற்சியை அப்படி நடத்த முடியாது. ஒருவர் பாட, ஆசிரியர் அவருடைய மூச்சைக் கவனித்துத் திருத்த வேண்டும். நடனத்துக்கு விரிந்த தளம் வேண்டும். பாட்டு வகுப்பில் பியானோ வாசிக்க ஒருவர் வேண்டும். நடிப்புக்கு ஓர் ஆசிரியர், உச்சரிப்புக்கு ஓர் ஆசிரியர். இறுதியில் மேடையேற்றம் என்றால் ஒளி, ஒலி, உடை, அரங்க வாடகை எல்லாம் சேரும். மாணவர்களோ ஒரு வகுப்பில் சிலரே.

இதைப் பொருளியல் வல்லுநர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வில்லியம் பாமல், வில்லியம் போவன் இருவரும் நிகழ்கலைகளின் பொருளாதாரம் பற்றி 1966ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒருவரே பத்துப் பேர் வேலையைச் செய்துவிடலாம்; மேடைக் கலையில் அது நடக்காது என்பது அவர்கள் வாதம். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றும் நான்கு பேர் தேவை. அரை மணி நேர வர்ணத்தை ஆட இன்றும் அரை மணி நேரம் ஆகும். ஆனால் மற்றத் தொழில்களில் சம்பளம் உயர உயர, கலைஞருக்கும் ஆசிரியருக்கும் கொடுக்க வேண்டிய சம்பளமும் உயரும். ஆகவே செலவு ஏறிக்கொண்டே போகும்; வரவு அதே வேகத்தில் ஏறாது.

அந்த இடைவெளியை மாணவர் கட்டணத்தால் மட்டும் அடைக்க முயன்றால், வசதி உள்ளவர் மட்டுமே படிக்கும் இடமாக அது மாறிவிடும். அரசாங்க மானியம் ஒரு பகுதியை ஏற்கிறது. மிச்சத்துக்குக் கொடையாளர் தேவைப்படுகிறார்.

லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே

சுவா சூ காங்கில் இலகு ரயில் ஏறி புக்கிட் பாஞ்சாங் சென்று, டௌன்டவுன் பாதையில் மாறினால் லிட்டில் இந்தியா. அடுத்த நிலையம் ரோச்சோர். தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் போகும் அதே வட்டாரத்தில்தான் மெக்னாலி ஸ்திரீட்டில் லாசால் கலைக் கல்லூரி இருக்கிறது. இசை நாடகத்தில் சிறப்புப் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரி அது.

அதைத் தொடங்கியவர் பிரதர் ஜோசஃப் மெக்னாலி என்ற அயர்லாந்துத் துறவி. அவர் ஒரு சிற்பி. 1984ல் சிறிய கலை மையமாக ஆரம்பித்தார். 1993ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் 15 மில்லியன் வெள்ளி வழங்கியது. கல்லூரியின் பெயரிலேயே பல ஆண்டுகள் அந்நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருந்தது. லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் உருவானது. இன்று அரசாங்க ஆதரவு வலுவாக இருக்கிறது. ஆனால் அந்த ஆதரவு முழுமையாக வரும்வரை கல்லூரியைத் தாங்கியவர்களில் கொடையாளர்களுக்கும் பங்குண்டு.

அதே வட்டாரத்தில், எமிலி ஹில் குன்றில் பல ஆண்டுகள் இயங்கிய இன்னொரு பள்ளியையும் சொல்ல வேண்டும். நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் நம் சமூகத்தைச் சேர்ந்த சசிதரனும் 2000ல் தொடங்கிய நடிப்புப் பயிற்சித் திட்டம் அது. பின்னர் ‘இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட்’ என்று பெயர் பெற்றது. ஜப்பானின் நோ, சீனாவின் பெய்ஜிங் ஓப்பரா, கேரளத்தின் கூடியாட்டம், ஜாவாவின் வாயாங் வோங் ஆகியவற்றை அந்தந்த மரபின் ஆசான்களிடமே மாணவர்கள் பயின்றார்கள். நான்கிலும் இசை, அசைவு, நடிப்பு மூன்றும் பிரிக்க முடியாதவை. மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. பல நாடுகளிலிருந்து சில மாணவர்கள். பல நாடுகளிலிருந்து ஆசான்கள். கட்டணத்தை மட்டும் வைத்து இப்படியொரு பள்ளியை நடத்த முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வெள்ளி இரண்டாகும்

சிங்கப்பூரில் இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. 2013ல் அரசாங்கம் 200 மில்லியன் வெள்ளியுடன் கலாசார இணைநிதியைத் தொடங்கியது. தகுதிபெறும் கலை, மரபுடைமை அறநிறுவனத்துக்கு ஒருவர் ஒரு வெள்ளி கொடுத்தால், அரசாங்கமும் ஒரு வெள்ளி சேர்க்கும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் இந்நிதிக்கு மேலும் 150 மில்லியன் வெள்ளி அறிவிக்கப்பட்டது.

இதில் நான் முக்கியமாகக் காண்பது தொகையை அன்று. முதல் வெள்ளியை மக்கள் கொடுக்க வேண்டும் என்பதே அதன் விதி. சமூகம் கொடுக்காவிட்டால் இணையாகச் சேர்க்க ஒன்றும் இருக்காது.

இப்படிக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் 1963ல் திறக்கப்பட்ட தேசிய அரங்கத்துக்காக, ‘செங்கல்லுக்கு ஒரு வெள்ளி’ என்று பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1950களில் கோ. சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத எளிய மக்களும் அதற்குக் கொடுத்தார்கள். 1991 முதல் இயங்கும் சிண்டாவுக்கு, இந்தியச் சமூகத்து ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை போகிறது. அந்தப் பெண்ணின் அப்பாவும் மாதாமாதம் முகம் தெரியாத ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதை அவர் தர்மம் என்று நினைப்பதில்லை.

வசூலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. இசை நாடகப் பள்ளி என்பது தமிழர்களிடம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் ஒரு பால சபையைத் தொடங்கினார். ‘பாய்ஸ் கம்பெனி’ என்று அழைக்கப்பட்ட அத்தகைய குழுக்களில் சிறுவர்கள் தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் கற்று மேடையேறினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அப்படி வளர்ந்தவர்களே. ஆனால் அந்தக் குழுக்கள் முக்கியமாக நம்பியிருந்தது டிக்கெட் வசூலை. பேசும் படம் வந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டபோது, மேடையோடு அந்தப் பயிற்சிக்கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் தம் கொடையால் 1929ல் நிறுவிய இசைக் கல்லூரியோ, பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இன்றும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

கை மாறும் கொடை

கொடை எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு நியூயார்க்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு.

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகத்துக்கு இசையமைத்த ரிச்சர்ட் ராஜர்ஸ், புதிய இசை நாடகங்களுக்கு உதவ 1978ல் ஒரு விருது நிதியை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டே காலமானார். பின்னாளில் அந்த விருதைப் பெற்றவர்களில் ஒருவர், உணவகத்தில் பரிசாரகராக வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிய ஜோனத்தன் லார்சன். அவர் எழுதிய ‘ரென்ட்’ 1996ல் மேடையேறவிருந்த நேரத்தில், 35 வயதில் இறந்துபோனார். நாடகம் புகழின் உச்சிக்குப் போனது. அவருடைய குடும்பத்தாரும் நண்பர்களும் அவர் பெயரில் ஒரு நிதி தொடங்கி, இளம் இசை நாடகப் படைப்பாளிகளுக்குக் கொடுத்துவந்தார்கள்.

2017ல் அந்த உதவியைப் பெற்றவர்களில் ஒருவர் மைக்கேல் ஆர். ஜாக்சன். பாப் பாடகர் அல்லர், வேறொருவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இசை நாடக எழுத்து முதுகலை படித்தவர். பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து உழைத்துப் படைக்கக் கற்கும் படிப்பு அது. பட்டம் பெற்ற பிறகு, அரங்கத்தில் வருவோருக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்துக்கொண்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே நாடகத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார். அந்த ‘எ ஸ்ட்ரேஞ்ச் லூப்’ 2020ல் புலிட்சர் பரிசையும் 2022ல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையும் பெற்றது.

ராஜர்ஸுக்கு ஜாக்சனைத் தெரியாது. லார்சனும் அவரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஒருவர் வைத்துவிட்டுப் போனது அடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்தது.

எச்சரிக்கையும் வேண்டும்

கொடை நல்லது என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது அரைகுறைப் பதிலாகும். ஒரே பெரிய கொடையாளரை நம்பும் படிப்பு, அவர் மனம் மாறினாலோ தொழில் நொடித்தாலோ ஆட்டங்கண்டுவிடும். பொருளியல் மந்தமான ஆண்டில் நிறுவனங்கள் முதலில் குறைப்பது பெரும்பாலும் கலைக்கான தொகையைத்தான். கொடுப்பவருக்குப் பிடிக்காத நாடகத்தை மாணவர்கள் போடத் தயங்கும் நிலையும் வரலாம். குவோ பாவ் குன் 1990ல் தொடங்கிய ‘சப்ஸ்டேஷன்’ கலை மையம், 30 ஆண்டுகளுக்குப் பிறகு 2021ல் ஆர்மீனியன் ஸ்திரீட் கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பெருமதிப்புப் பெற்ற கலை அமைப்புக்கும் நிலையான கூரை நிச்சயமில்லை.

ஆகவே பத்துப் பேர் கொடுக்கும் ஆயிரங்களைவிட, ஆயிரம் பேர் ஆண்டுதோறும் கொடுக்கும் பத்து வெள்ளியே ஒரு படிப்பை நெடுநாள் காக்கும் என்று நம்புகிறேன். பெரிய கொடை கட்டடம் எழுப்பலாம். அதற்குள் வகுப்பு தொடர்ந்து நடக்கப் பலரின் சிறு கொடை வேண்டும்.

கலை படிக்க எண்ணுவோர் இவற்றையும் விசாரியுங்கள்: உபகாரச் சம்பளம் முழுப் படிப்புக்கா, ஓராண்டுக்கு மட்டுமா? அதற்குப் பணிக்கடப்பாடு உண்டா? மேடையேற்றச் செலவில் மாணவர் பங்கு எவ்வளவு? படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கொடையாளர் படிப்புக்குத்தான் துணை நிற்பார். வேலைக்கு உறுதி தரமாட்டார். அந்தத் தந்தையின் கவலையில் அந்தப் பாதி நியாயமானது.

தர்மம் என்ற சொல்லுக்கு என் பதிலைச் சொல்ல, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் பல்கலைக்கழகத்தில் ஓர் உதவிநிதியில் படித்தவன். நன்றிக் கடிதத்தை அலுவலகம் கொடுத்த மாதிரியைப் பார்த்து நான்கு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகே, அதே நிதிக்கு ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்பத் தொடங்கினேன். அன்று வாங்கியதில் எனக்கு வெட்கம் இல்லை. திருப்பிக் கொடுக்க இத்தனை நாள் எடுத்துக்கொண்டதில்தான் வெட்கம்.

நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். மாணவர்களின் பட்டமளிப்பு நாடகங்களுக்குப் போய் உட்காருங்கள். காலி இருக்கைகள் எந்தக் கொடையாளரையும் ஈர்க்காது. 18 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு வழங்கப்பட்ட ‘எஸ்ஜி கல்ச்சர் பாஸ்’ 100 வெள்ளியை 2028 இறுதிவரை பயன்படுத்தலாம். அதில் ஒரு பகுதியை உள்ளூர் மேடைக்குச் செலவிடுங்கள். பகுதிநேர வேலையில் சம்பாதிப்பவர் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை பத்து வெள்ளி ஒரு கலைக் கல்வி நிதிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மறுவாரம் இதைத்தான் சொன்னேன். “அப்பாகிட்ட அவரோட சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லும்மா. சிண்டான்னு ஒரு வரி இருக்கும். அது யாரோட தர்மம்னு கேளு” என்றேன். சிரித்தாள். தேர்வுக்குப் பாட வேண்டிய இரண்டு பாடல்களை இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, மின்தூக்கியை நோக்கி ஓடினாள்.