தொட்டால்தான் தெரியும்

மட்டாஞ்சேரி அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்களைக் கண்டேன். அங்கே தொடாதிருப்பதுதான் முறை. ஆனால் யூதர் தெருப் பழம்பொருட் கடையொன்றில் தூசி படிந்த கணிப்பொறியைத் தொடப்போனபோதும் என் கையை விலக்கினார்களே! விசைகளைத் தட்டாமல் கணிப்பொறியை எப்படி ஐயா காண்பது?

1984-ல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வந்தன. எத்தனை இன்று உயிரோடிருக்கின்றன? இங்கிலாந்திலே, கேம்பிரிட்ஜ் கணிப்பொறி வரலாற்று நிலையத்தில், அதே பொறியின் முன் அமர்ந்து எவரும் தட்டிப் பார்க்கலாம், விளையாடலாம். 1982-ல் வந்த சின்கிளேர் ஸ்பெக்டிரத்துக்கு அதிகம் போனால் 48 கிலோபைட்டு நினைவகம். ஒலிநாடா கீச்சிட்டு ஓடி முடியும்வரை ஓர் ஆட்டத்துக்காகக் காத்திருந்த பொறுமையைக் கண்ணாடிப் பெட்டி சொல்லுமா?

நம் கல்லூரிச் சாமான் அறையிலும் இரண்டு பழம் பொறிகள் கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போகுமுன் அவற்றை நூலகத்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். பழுது பார்க்க நாங்கள் இருக்கிறோம்.