ஆர்வெல்லின் கணப்பு

ஜார்ஜ் ஆர்வெல் 1945 டிசம்பரில், லண்டன் நாளிதழொன்றில், திறந்த கணப்பை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். விரயம், அழுக்கு, வீண்வேலை அனைத்தையும் ஒப்புக்கொண்டே வாதிட்டார்: அறையின் ஒரு பக்கத்தை மட்டும் அது சூடாக்குவதால்தான் வீட்டார் கூடி அமர்கிறார்கள்.

இன்று இங்கிலாந்தில் அதே செங்கல் கணப்புக்குள் கண்ணாடிக் கதவிட்ட இரும்பு அடுப்பைப் பொருத்துகிறார்கள். சுடரும் தெரிகிறது, முன்பு புகைபோக்கி வழியே போன வெப்பத்தில் பெரும்பகுதி அறையில் தங்குகிறது. ஆர்வெல்லுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை என்பேன்.

ஆனால் செலவை மிச்சப்படுத்த, அடுப்பின் புகையைப் பழைய புகைபோக்கியின் அடியிலேயே விட்டுவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. பெருநெருப்புக்காகக் கட்டிய அகன்ற கூண்டு அது. அடுப்பின் குறைந்த புகை அதில் மெல்ல ஏறி, குளிர்ந்து, கரிய பிசினாகச் சுவரில் படியும். பிறகு ஒரு பொறி போதும், புகைபோக்கியே பற்றிக்கொள்ளும். அடுப்பிலிருந்து உச்சிவரை எஃகுக் குழாய் செலுத்தி, கீழே அதைச் சுற்றிய இடைவெளியைத் தகட்டால் அடைப்பது ஆடம்பரமன்று. (கண்ணில் படாததற்குக் காசு கொடுக்க மட்டும் நமக்குக் கை வருவதில்லை.) பணம் போதாதென்றால் அடுப்பைச் சிறிதாக வாங்கலாம். குழாயில் கைவைக்க வேண்டாம்.