ஆடப்படாத சீட்டு: மைசூருக் கஞ்சீபாவும் கூட்டு ஆட்டங்களும்

மைசூருவின் கஞ்சீபாச் சீட்டுகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வட்ட வடிவச் சீட்டுகளில் தெய்வங்களைத் தீட்டும் ஓவியர்கள் இன்றும் இந்நகரில் இருக்கின்றனர். மாணவர்கள் அவற்றின் வண்ணம், கோடு, பொன்வேலை பற்றி ஆய்வேடுகள் எழுதுகின்றனர். ஆனால் அவை ஆடுவதற்கென்று செய்யப்பட்டவை என்பதை நாம் ஏறத்தாழ மறந்தேவிட்டோம். கஞ்சீபாவை ஓவிய வரலாற்றிடம் மட்டும் ஒப்படைத்தது பிழை என்பது என் கருத்து. அதை விளக்க, தொடர்பற்றதாகத் தோன்றும் ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்ட் கேம்’ என்னும் ஆட்டத்தை ஆய்வு மாணவர் சிலர் அறிந்திருக்கலாம். இதில் ஆடுவோர் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. அனைவரும் ஒரே அணி. எதிரி, தானே இயங்கும் மற்றொரு சீட்டுக்கட்டு. ஒவ்வொருவரும் அதிகபட்சம் மூன்று நாயகர்களையும், குறைந்தது 50 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றையும் முன்கூட்டியே அமைத்துக்கொண்டு வரவேண்டும். ஒரே பெயருள்ள சீட்டை மூன்று படிகளுக்கு மேல் சேர்க்க இயலாது.

புதிதாகக் கட்டு அமைப்பவர் பொதுவாக வலிமை மிக்க சீட்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்பார். அந்தக் கட்டு பெரும்பாலும் தோற்கும். தேர்ந்தவர் சீட்டுகளை எடைபோடுவதில்லை. அவற்றுக்கிடையேயான உறவை எடைபோடுகிறார். சினெர்ஜி என்று சொல்லப்படும் இதனை இயைபு என்றே அழைக்கிறேன். டேயின் அயர்ன்ஃபுட் என்னும் குள்ளர் அரசன் இதற்கு நல்ல சான்று. அவன் செயலில் இறங்காமல் ஆயத்த நிலையில் நிற்கும் வரை, மேசையிலுள்ள குள்ளர் ஒவ்வொருவருக்கும் மனவுறுதியில் ஒன்றும் தாக்குதலில் ஒன்றும் கூடும். பயணத்துக்கோ போருக்கோ அவனை அனுப்பினால் அந்தப் பயன் அற்றுப்போகும். ஆக, மூன்று நாயகரில் ஒருவன் வாளாவிருக்க வேண்டும். களத்தில் இரண்டே குள்ளர் இருந்தால் இது நட்டம். ஐந்து குள்ளர் பயணம் செல்லும்போது ஐந்து புள்ளி மனவுறுதி கூடுதலாகக் கிடைக்கிறது. அப்போது அவனுடைய சும்மா இருத்தலே கட்டின் மிகப் பெரிய செயலாகிறது. சீட்டு மாறவில்லை, சூழல் மாறியது.

இதில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. டேயினின் பயன் அவனை வைத்திருப்பவரின் குள்ளரோடு நிற்பதில்லை. அருகில் அமர்ந்தவரின் குள்ளருக்கும் சேரும். ஆனால் தனிப்பெயர் கொண்ட நாயகன் மேசையில் ஒருவனே இருக்க முடியும் என்பதால், இருவர் டேயினைக் கொண்டுவருவது வீண். எனவே தன் கட்டைத் தனியே செப்பமாக்கினால் போதாது. எதிரில் இருப்பவர் என்ன கொண்டுவருகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் அமைக்க வேண்டும். மற்றொன்று, கூட்டு ஆட்டங்களின் பழைய நோய் பற்றியது. அனுபவம் மிக்க ஒருவர் அனைவருக்கும் கட்டளையிட, மற்றவர் வெறும் கைகளாகிவிடுவர். (ஆய்வுக்கூடங்களில் பணிபுரிந்தோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.) இவ்வாட்டத்தின் விதி, திட்டங்களைத் தாராளமாகப் பேசலாம், ஆனால் கையிலுள்ள சீட்டின் பெயரையோ வாசகத்தையோ வெளியிடலாகாது என்கிறது. ஒரு சிறு மறைப்பு ஒவ்வொருவரின் தீர்ப்பையும் காப்பாற்றிவிடுகிறது.

இனி மைசூருக்கு வருவோம். கஞ்சீபா பாரசீகத்தோடு தொடர்புடைய ஆட்டம். 1527இல் பாபர் நண்பர் ஒருவருக்குக் கஞ்சீபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார். இந்திய மண்ணில் அது தசாவதாரக் கட்டாயிற்று: பத்து அவதாரங்களுக்குப் பத்து இனங்கள், இனத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டுகள். அரசன், அமைச்சன், பிறகு எண் சீட்டுகள் பத்து. பாதி இனங்களில் பத்து உயர்ந்தது. மறுபாதியில் வரிசை தலைகீழாகி ஒன்று உயர்ந்தது. பகலில் இராமன், இரவில் கிருஷ்ணன் என ஆட்டத்தைத் தொடங்கும் வழக்கமும் உண்டு. துருப்பு கிடையாது. எவை வெளியே போயின, எவை எஞ்சியுள்ளன என்ற நினைவாற்றலே ஆட்டத்தின் உயிர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் அவதாரத்துக்கும் மற்றோர் அவதாரத்துக்கும் ஆட்டத்தில் வேறுபாடு இருந்தால் அது வரிசை அளவில்தான். புராணம் இங்கே சீட்டின் ஆடை, இயக்கம் அன்று. டேயின் சீட்டில் அரசன் நிலைத்து நிற்பதால் குடிகள் ஊக்கம் பெறும் கதையே விதியாகியிருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) வருகிறார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப்பொறுப்பைப் பறித்தபின், ஆள்வதற்கு நாடில்லாத அந்த மன்னர் நூல்களிலும் ஆட்டங்களிலும் ஆழ்ந்தார். சதுரங்கத்தின் குதிரைச் சுற்றுப் புதிர்களில் அவருக்கிருந்த ஈடுபாடு பலரும் அறிந்தது. அவர் பெயரில் வழங்கும் ஸ்ரீதத்துவநிதி என்னும் ஓவியத் தொகுப்பின் ஒன்பது நிதிகளுள் கௌதுக நிதி ஆட்டங்களுக்குரியது. அதில் ‘சட்’ என்னும் புதிய கஞ்சீபா வகைகள் விவரிக்கப்படுகின்றன. சில கட்டுகளில் பதினெட்டு இனங்கள், 360 சீட்டுகள் வரை உண்டு. இனத்துக்குப் பன்னிரண்டு எண் சீட்டுகளும் ஆறு உருவச் சீட்டுகளும் வருகின்றன; நிலையான துருப்புகளும், எதற்கும் ஈடாக வைக்கத்தக்க சீட்டுகளும் உள்ளன. ஒரு கட்டு சாமுண்டேசுவரியின் பெயரைத் தாங்குகிறது.

இதை அரண்மனை ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது எளிது. இந்த ஆட்டங்கள் அரசவைக்கு வெளியே பரவியதாகத் தெரியவில்லை என்பதும் உண்மையே. ஆனால் நிலையான துருப்பைப் புகுத்தும் ஒருவர் சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பெருக்கவில்லை, ஓர் இனத்துக்கும் மற்றோர் இனத்துக்குமான உறவையே வடிவமைக்கிறார். அந்த உறவு எவ்வளவு ஆழமானது? 360 சீட்டுகள் ஒன்றுக்கொன்று துணைசெய்கின்றனவா, அல்லது நினைவாற்றலின் சுமையை மும்மடங்காக்குகின்றனவா? இதற்கு ஓவியத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது. ருடால்ஃப் வான் லைடன் 1982இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத் தொகுப்பை முன்வைத்து எழுதிய நூல் சீட்டுகளை வகைப்படுத்த நமக்குக் கற்றுத்தந்தது. வகைப்படுத்தியதோடு நாம் நின்றுவிட்டோம். இசைக்குறிப்பைப் பாடாமல் ஆராயும் இசைத்துறை ஒன்றை யாரேனும் ஏற்பார்களா?

மேலும் ஒரு கருத்தை முன்வைக்கத் துணிகிறேன். மைசூருவுக்குப் பெயர் தந்த மகிஷன் கதை, தேவி மாகாத்மியத்தில், இயைபின் கதையாகவே அமைந்துள்ளது. தேவர் ஒவ்வொருவரும் தனித்துத் தோற்றவர். சிவன் சூலத்தையும், திருமால் சக்கரத்தையும், வருணன் சங்கையும், வாயு வில்லையும், இமவான் சிங்கத்தையும் தருகின்றனர். தந்தவர் எவரும் அதன்பின் முன்னணியில் நிற்பதில்லை. டேயினைப் போல, ஒதுங்கி நிற்றலே அவர்கள் பங்களிப்பு. இக்கதையைக் கூட்டுச் சீட்டாட்டமாக வடிப்பதற்கு மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் எது? மரபை மேலைநாட்டு ஆட்டவிதிகளுக்கு அடகுவைப்பதாகும் என்று சிலர் சொல்வர். வெளியிலிருந்து வந்த ஆட்டத்தை வாங்கித் தன் தெய்வங்களை அதில் அமர்த்தி, விதிகளையும் மாற்றிய மன்னரின் ஊரில் இந்த வாதம் எடுபடாது.

ஓவியர்களின் பிழைப்பு பற்றிய கவலை நியாயமானது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமே இன்று விலைபோகிறது. ஆடுவதற்கென 120 சீட்டுகளைக் கையால் தீட்டி வாங்குவோர் அரிது. அதனால்தான் ஆடுவதற்கு அச்சிட்ட மலிவான கட்டுகள் வேண்டும் என்கிறேன். ஆடத் தெரிந்தவரே என்றேனும் ஒருநாள் கையால் தீட்டிய கட்டு ஒன்றைக் கேட்டு வருவார். ஒடிசாவில் கஞ்சப்பா இன்றும் முற்றிலும் மறையாதிருப்பதற்கு ஆடும் முதியோரும் காரணம்.

தசாவதாரக் கட்டு ஒன்றைத் தடித்த அட்டையில் அச்சிட்டு வைத்துள்ளேன். சட் வகைகளுக்குப் போகுமுன் இதில் கை பழக வேண்டும். ஆட்டத்துக்கு மூவர் தேவை; இப்போது இருவர் இருக்கிறோம். மானசகங்கோத்திரி வளாகத்தில் மாலை நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம். கன்னட நூல்களை நன்கு வாசிக்கத் தெரிந்தவராயின் இன்னும் நன்று.