சோப்பு டப்பாவில் ஒரு கம்ப்யூட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை வீட்டு பீரோவில் மூன்று பொருள்கள் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, அத்தையின் கல்யாணப் பட்டு. இரண்டு, வீட்டுப் பத்திரம். மூன்றாவது, பேரன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லாப்டாப்!

பேரன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு அந்த லாப்டாப்பின் மேல் கொள்ளை ஆசை. அத்தையோ சாவியைக் கொடுப்பதாக இல்லை.

"இவ எதையாவது அமுக்கி, அது கெட்டுப் போச்சுன்னா யாருடா வாங்கித் தாரது?" என்று என்னிடமே நியாயம் கேட்டாள்.

அத்தை சொன்னதைத் தள்ளிவிட முடியாது. விலை உயர்ந்த வஸ்துவைக் குழந்தை கையில் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால், எதையாவது அமுக்கிப் பார்க்காமல் எந்தக் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? இந்த யோசனையோடுதான் அன்று சாயங்காலம் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

* * *

அங்கே நூல் மில் ஒன்றில் மின்சாரப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். போன உடனே அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை எடுத்தார்.

"என்ன ஸார், குளிக்கப் புறப்பட்டுவிட்டீர்களா?" என்றேன்.

"இதுதான் ஸார் என் கம்ப்யூட்டர்!" என்று மூடியைத் திறந்தார்.

உள்ளே, சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சற்றுச் சிறிய பச்சைப் பலகை ஒன்று. பெயர், ராஸ்ப்பெரி பை. கம்ப்யூட்டருக்குப் பழத்தின் பெயர் வைப்பது ஆப்பிள் காலத்திலிருந்து வரும் வழக்கம். 'பை' என்பது பைத்தான் என்ற நிரல் மொழியைக் குறிக்கிறது.

"நம்ம ஊரில் பிறந்திருந்தால் 'சப்பட்டை' என்று பெயர் வைத்திருப்போம்!" என்றார் நண்பர். ராஜபாளையத்து மாம்பழத்தின் பெயர் அது. பலகையின் உருவத்துக்கும் பொருத்தந்தான்!

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய இலவசக் கலர் டி.வி.யில் அதை இணைத்தார். கீபோர்டு, மௌஸ் மாட்டினார். செல்போன் சார்ஜர் போன்ற ஒன்றைச் செருகினார். அவ்வளவுதான், டி.வி. கம்ப்யூட்டர் ஆகிவிட்டது! எழுத்துக்கள் கொஞ்சம் மங்கல்தான். இன்றைய டி.வி.யாக இருந்தால் பளிச்சென்று தெரியுமாம். கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், இணையம் பார்க்கலாம், தமிழும் படிக்கலாம். இயங்குவதற்கான லினக்ஸ் மென்பொருளுக்குக் காசு கிடையாது.

"குழந்தை ஏதாவது அமுக்கிக் கெடுத்துவிட்டால்?" என்று அத்தையின் கேள்வியைக் கேட்டேன்.

நண்பர் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றை உருவிக் காட்டினார். "எல்லாம் இதற்குள்தான் ஸார். கெட்டுப் போனால் மறுபடி எழுதிச் செருகினால் போதும். புதிதாகப் பிறந்துவிடும்!"

* * *

இதை உண்டாக்கியவர்களின் எண்ணமும் இதுதான். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, முன்பு வந்தவர்களைப் போல் நிரல் எழுதிப் பழக்கமில்லை என்பதை எபன் அப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் கவனித்தார்கள். வீட்டில் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு யந்திரம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2012 பிப்ரவரி 29-ந் தேதி 35 டாலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். அன்றைய கணக்கில் சுமார் 1,700 ரூபாய்! 2024-க்குள் ஆறு கோடிக்கு மேல் விற்றுவிட்டது.

2015 நவம்பரில் ஐந்து டாலரில் 'ஜீரோ' என்ற குட்டிப் பலகை வந்தபோது, அதை ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். நம் பத்திரிகைகள் ஷாம்பூ பாக்கெட் கொடுத்ததுண்டு, கம்ப்யூட்டர் கொடுத்ததில்லை! அதே ஆண்டு டிசம்பரில் இப்படி இரண்டு பலகைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய நிரல்கள் அங்கே ஓடின. நம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசும் 2015-ல் பள்ளி மாணவர்களுக்கு இந்தப் பலகைகளைக் கொடுத்து நிரல் எழுதப் பழக்கியது.

பலகையின் ஓரத்தில் வரிசையாக நாற்பது ஊசிகள். லாப்டாப்பில் இல்லாத விசேஷம் அதுதான். நூற்பு அறையில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துபோகும். ஈரப்பதம் அறியும் சின்னக் கருவியை அந்த ஊசிகளில் மாட்டினால், நிமிஷத்துக்கு நிமிஷம் பலகை குறித்து வைத்துக்கொள்ளும். விளக்கு, மோட்டார், கேமரா எல்லாவற்றையும் இப்படி ஆட்டி வைக்கலாம்.

குறை இல்லையா? உண்டு. பெரிய வேலைகளுக்கு இது ஈடு கொடுக்காது. திடீரென்று கரண்டு போனால் கார்டில் உள்ளது கெடலாம். ஊசிகளில் கம்பியை மாற்றிக் கொடுத்தால் பலகையே போய்விடும். புதிய, பெரிய மாடல்களின் விலையும் ஏறித்தான் இருக்கிறது.

* * *

நண்பரிடம் இரவல் கேட்டுச் சோப்பு டப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு வந்தேன். ஒரு சின்னஞ்சிறு விளக்கை மாட்டி, பத்து வரி நிரலை அத்தை பேத்தியிடம் கொடுத்தேன். முதல் தடவை தப்பு. இரண்டாவதும் தப்பு. யாரும் அதட்டவில்லை. நாலாவது தடவை விளக்கு கண் சிமிட்டியது.

"மாமா! நான் சொன்னபடி கேக்குது!" என்று கூவினாள்.

செல்போனை அவள் எத்தனையோ நாள் நோண்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் முகத்தில் காணாத வெளிச்சம் அன்று இருந்தது.

சமையலறையிலிருந்து வந்த அத்தை விளக்கைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை.

"இவ்வளவு உசத்தியான சாமானா? அதை இப்படியா வெளியே போட்டு வெப்பா? கொண்டாடா, பீரோவுல வெச்சுப் பூட்டிடுதேன்!" என்றாள்.