எந்த மரக்காலில் அளப்பது?

கள்ள மரக்காலைப் பற்றி விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கூலி அளக்கும்போது அது சிறுக்கும். குத்தகை அளக்கும்போது பெருக்கும். நம் நாட்டில் ஓட்டுக்களை அளக்கும் மரக்காலும் இதே ஜாதிதான்.

2014 பார்லிமெண்ட் தேர்தலில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 44 ஓட்டுப் பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39 ஸ்தானங்களில் 37 கிடைத்தன. நூற்றுக்கு 23க்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. அதே தேர்தலில் நாடு முழுவதும் நூற்றுக்கு 31 ஓட்டே பெற்ற பா.ஜ.க. 282 ஸ்தானங்களுடன் தனி மெஜாரிட்டி பெற்றது. 2024ல் தி.மு.க. கூட்டணி பாதிக்கும் குறைவான ஓட்டில் 39 ஸ்தானங்களையும் வென்றது. அந்த வெற்றியில் கம்யூனிஸ்டுகளுக்கும் பங்கு உண்டு. அதற்காக வாய்மூடி இருக்கலாமா? நம் பக்கம் கூட்டி அளந்தால் கள்ள மரக்கால் நல்ல மரக்கால் ஆகிவிடாது!

தொகுதியில் முந்தியவருக்கே எல்லாம். மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு களத்தில் சிந்திய நெல். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் இந்த அநியாயத்தை மாற்றும். நூறு ஓட்டில் பத்துப் பெற்ற கட்சிக்கு நூறு ஸ்தானங்களில் பத்து. இது நமக்குப் புதிதுமல்ல. ராஜ்ய சபை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் விகிதாசார முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எம்.எல்.ஏ.யின் ஓட்டுக்குள்ள நியாயம் மில் தொழிலாளியின் ஓட்டுக்கு ஏன் இல்லை?

“பட்டியலில் ஜெயித்த ஆசாமி பட்டணத்தில் இருப்பார், நம் தெருக் குழாயில் தண்ணீர் நின்றால் யாரைப் பிடிப்பது?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர்ப் பிரதிநிதி இல்லாத கஷ்டத்தைத் தாமிரபரணிக் கரை நன்றாக அறியும். 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. நெல்லை மாவட்டக் கிராமங்களுக்கு அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. விக்கிரமசிங்கபுரம் நகராட்சிக்கும் நெல்லை மாநகராட்சிக்கும் 2022 பிப்ரவரியில்தான். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. நடந்ததோ தனி அதிகாரிகளின் ராஜ்யம்! அதிகாரி மாற்றலாகிப் போவார். நம் ஓட்டுக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 1977ல் அங்கே ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்றே கூடுதலான ஓட்டில் 168 ஸ்தானங்களில் 140ஐ அள்ளியது. 1978 அரசியல் சட்டம் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அளவு சீரானது, ஆனால் பெரிய பெரிய தேர்தல் மாவட்டங்களில், இன்ன ஊருக்கு இன்னார் என்ற பிரதிநிதி மறைந்தார். அதனால்தான் 2018 ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் நூற்றுக்கு 60 ஸ்தானங்களை வட்டார வாரியாகவும், 40ஐ விகிதாசாரத்திலும் நிரப்பினார்கள்.

ஆகவே, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்க வேண்டிய அவசியமில்லை. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் தொகுதி உறுப்பினர்களோடு, மொத்த ஓட்டின் அளவுக்கேற்ப நிரப்பும் ஸ்தானங்களும் வேண்டும். பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தல்கள் ஒரு நாள்கூடத் தள்ளாமல் நடக்க வேண்டும்.

மில் வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுங்கள். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் கேளுங்கள்: எந்த மரக்காலில் அளப்பீர்கள்?